கம்பெனி வண்டி

குதிரைக் கொட்டிலில் அரம் தேய்க்கும் சத்தம் ஓய்ந்தபாடில்லை. கந்தப்பக் கங்காணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது தம் வீட்டுச் சத்தமே அல்ல என்பதுபோல எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பா வெள்ளைக் குதிரை கட்டிய கொட்டில் அது. வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், துரைக்கு அடுத்தபடி குதிரையில் ஏறி வந்தவர் அவர் ஒருவர்தான். குதிரை செத்து வெகு காலமாகிவிட்டது. தொழிற்சங்கம் வந்த பிறகு பெரிய கங்காணி என்பதும் பேருக்குத்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கந்தப்பர் போய் நின்றால் இளவட்டங்கள் ஒதுங்கி வழி விடுவதுகூட இல்லை. மிஞ்சியிருந்தது மானம் ஒன்றுதான். அதைக் கட்டிக் காப்பதிலேயே மனிதர் களைத்துப் போயிருந்தார்.

மகன் சின்னராசாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெசின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருஷமாக, வேலை விட்டு வந்ததும் கொட்டிலுக்குள் நுழைந்துவிடுவான். உலக யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன மோட்டார்சைக்கிள் ஒன்றின் எலும்புக்கூட்டை அட்டனில் பழைய இரும்புக் கடையில் பார்த்து வாங்கி வந்தான். கனம் கூடாது என்று அதன் சட்டத்தை அறுத்துக் குறுக்கி ஒட்டுப் போட்டான். கொழுந்தில் கொப்புள நோய் கண்டால் மருந்தடிப்பதற்குத் தோட்டத்தில் ஒரு மெசின் இருந்தது. அதைக் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி, எஞ்சினைக் கழற்றிச் சட்டத்தில் உட்கார வைத்தான். மருந்து டின்னைத் தட்டிப் பெட்ரோல் தொட்டியாக்கினான். தேவையில்லாத இரும்பு ஒரு துண்டுகூட அதில் கிடையாது. பின்பக்கத்தை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவான். அவ்வளவு லேசு.

சீட்டுக்குத் தோல் வேண்டியிருந்தபோது பரணில் கிடந்த தாத்தாவின் சேணத்தை வெட்டிவிட்டான். அன்று கங்காணி சாப்பிடவில்லை.

"எலி தின்னது போக மிச்சந்தாங்கப்பா எடுத்தேன்" என்றான் சின்னராசா.

"எலிக்குத் தெரியாது அது யாரு ஒக்காந்த சேணம்னு. ஒனக்குத் தெரியும்" என்றார்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அந்த எஞ்சினின் சத்தம் தெரியாத ஆள் தோட்டத்தில் யார்? சின்னராசா ரோட்டில் இறங்கினால் போதும், தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"மருந்து மெசின் வருது! கொப்புளம் வந்தவனெல்லாம் ஓடியாங்கடோய்!"

மனைவி நாகலெட்சுமி மகன் பக்கம். "ஏங்க, புள்ள குடிக்கிறானா, சீட்டாடுறானா? இரும்பத்தானே தேய்க்கிறான்" என்பாள்.

"குடிச்சா நாலு செவுத்துக்குள்ள குடிப்பான். இது ரோட்டுல போயில்ல சத்தம் போடுது."

பழைய இரும்பு பொறுக்குவது யார் வேலை? மூன்று தலைமுறையாகக் விரல் நீட்டி வேலை வாங்கிய வீட்டுப் பிள்ளை, கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வருகிறான். இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்கும் போதெல்லாம் தோட்டமே தம்மைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றும்.

இந்த நேரத்தில்தான் மகள் சண்முகவடிவுக்கு வரன் கூடி வந்தது. இரண்டு இடம் தட்டிப்போன பிறகு வந்த இடம். லிந்துலைப் பக்கம் செல்லசாமிக் கங்காணியின் மகன் அழகன், அங்கே கணக்கப்பிள்ளை வேலையில் இருந்தான். வெற்றிலைத் தட்டு மாற்ற மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

தட்டு மாற்றுவது என்றால் சின்னக் காரியமல்ல. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்த பிறகு பேசுகிற பேச்சு திரும்பாது. தட்டு முன்னால் சொன்னதை மாற்றியவன் வீட்டில் சொந்தபந்தம் கை நனைக்காது. எழுத்தும் கையெழுத்தும் இல்லாத சனத்துக்கு அதுதான் பத்திரம்.

வெற்றிலை எச்சிலைத் துப்ப வெளியே போன செல்லசாமி, திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, கொட்டில்ல ஒரு மோட்டார்சைக்கிள் நிக்குதே, யாருதுங்க?"

"நம்ம வீட்டு வண்டிதான்."

"பளபளன்னு இருக்கு. எங்க எடுத்தீங்க?"

மகன் செய்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னாலேயே பழைய இரும்புக் கடையும் மருந்து டின்னும் வந்து நின்றன.

"கொழும்புல. கம்பெனில எடுத்தது" என்றார் கந்தப்பர்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த சின்னராசா நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

செல்லசாமி தொடையில் தட்டினார். "அப்பறம் என்னங்க! நகநட்டுன்னு நான் வாயத் தொறக்கப் போறதில்ல. மாப்ளைக்கு அந்த வண்டியச் சீராக் குடுத்துருங்க. எங்க பக்கத்துல எந்தக் கணக்கப்புள்ளகிட்டயும் மோட்டார்சைக்கிள் கெடையாது."

பாயில் இருந்த அத்தனை பேரும் கந்தப்பரைப் பார்த்தார்கள்.

"கந்தப்பன் வீட்டுல கேட்டு, இல்லைங்கிற வார்த்த வந்ததில்ல" என்றார் அவர். "எடுத்துக்குங்க."

தட்டு கைமாறியது.

விருந்தாளிகள் போனார்கள். சின்னராசாதான் முதலில் வாய் திறந்தான்.

"கம்பெனி பேரு அதுல எங்கப்பா எழுதியிருக்கு? மருந்து டின்னுல நஞ்சுன்னுதான் எழுதியிருந்துச்சு. அதச் சொரண்டி எடுக்கவே எனக்கு ஒரு வாரமாச்சு."

"வாக்குக் குடுத்தாச்சு."

"நீங்க குடுத்தீங்க."

சண்முகவடிவு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்காக அண்ணன் வண்டியக் குடுக்க வேணாம்ப்பா."

"நீ உள்ள போ."

அவள் போனாள். சின்னராசா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். கோபம் இருந்திருந்தால் கங்காணிக்குச் சமாளிக்கத் தெரியும். அவன் குரலில் இருந்தது அலுப்பு.

"வண்டி போனாப் போகுதுப்பா. ஒண்ணு மட்டும் கேளுங்க. சட்டம் ஒட்டுப் போட்டதுல ஒரு நூல் கோணல் விழுந்துருச்சு. முன் பிரேக்கப் புடிச்சா வண்டி எடது பக்கம் இழுக்கும். நான் வலப்பக்கம் ஒடம்பச் சாச்சு ஓட்டுவேன். எனக்குப் பழகிப் போச்சு. கம்பெனி வண்டின்னு நெனச்சு ஏர்றவருக்கு அது தெரியாது."

"கத்துக்குவாரு."

"சொன்னாக் கத்துக்குவாரு. சொல்லட்டுமா?"

கங்காணி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "ஒட்டுப் போட்ட சட்டம்னு ஒரு வார்த்த அங்க விழுந்துச்சுன்னா ஒந் தங்கச்சி கல்யாணம் நின்னுரும். நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

"சரிங்கப்பா."

வண்டியைக் கொண்டு போய் விடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். சீர் கொடுப்பதற்கும் தட்டு வைக்க வேண்டும். கந்தப்பர் வெற்றிலை, பழம், தேங்காய் எல்லாவற்றையும் தட்டோடு துணியில் கட்டிக்கொண்டு ரயிலில் தலவாக்கலைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தார். சின்னராசா வண்டியில் வருவதாக ஏற்பாடு. வண்டியில் ஏறச் சொல்லி அப்பாவை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் ஏறியிருக்கப் போவதில்லை. இதுவரை ஒருநாளும் ஏறியதில்லை.

பஸ்சை விட்டு இறங்கித் தோட்டத்து ரோட்டில் நடந்தார். நல்ல ஏற்றம். பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். வலப்பக்கம் பள்ளம் கிடுகிடுவென்று ஓடைவரை இறங்கியது. ஓரத்தில் ஒரு மதில்கூடக் கிடையாது. ஏறி வருகிறவனுக்கு வலப்பக்கம். இறங்கிப் போகிறவனுக்கு அது இடப்பக்கம்.

அந்த நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டார். நடை ஓடவில்லை.

செல்லசாமி வீட்டு முற்றத்தில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. கந்தப்பர் முகம் கழுவி உட்காரவும், கீழே வளைவில் எஞ்சின் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. செல்லசாமியின் அக்கா வேலாயி காது கொடுத்துக் கேட்டாள்.

"என்னடா இது, ஞாயித்துக்கெழமையுமா மருந்தடிக்கிறாங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லசாமி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. அவர் கந்தப்பர் பக்கம் திரும்பவில்லை. கந்தப்பரும் தட்டில் வெற்றிலையை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

சின்னராசா வண்டியை முற்றத்தில் நிறுத்தி இறங்கினான். அழகன் வெள்ளைச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சின்னப் பிள்ளைக்கு வருகிற சிரிப்பு அவன் முகத்தில். ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தான்.

"ரோடு வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வந்துர்றேன். மச்சான், நான் தெரிஞ்சுக்க வேண்டியது எதுவும் இருக்கா?"

சின்னராசா திரும்பினான். அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. வாயைத் திறக்காதே என்று சொன்னவர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றான், அவ்வளவுதான்.

அழகன் வண்டியை இறக்கத்துப் பக்கம் திருப்பினான்.

"மாப்ள, எறங்குங்க" என்றார் கந்தப்பர்.

"இந்தா வந்துர்றேன் மாமா, ஒரு நிமிசம்..."

"எறங்குங்கன்னேன்!"

இருநூறு ஆளை ஒரு காலத்தில் அசையாமல் நிறுத்திய குரல் அது. அழகன் எஞ்சினை நிறுத்தி இறங்கினான். 

கந்தப்பர் தட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்து செல்லசாமியின் முன்னால் பாயில் வைத்தார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"இது கம்பெனி வண்டி இல்ல. பழைய இரும்பையும் மருந்து மெசினையும் சேத்து எம் மகன் கையால செஞ்சது. சட்டம் ஒட்டுப் போட்டது. பிரேக்கப் புடிச்சா எடது பக்கம் இழுக்கும். அவன் சொல்றேன்னான், நாந்தான் வேணாம்னேன். தட்டு முன்னால நான் சொன்னது பொய்."

செல்லசாமி வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சம்பந்தி" என்றார் மெதுவாக. "வளைவுல சத்தம் கேட்டப்பவே தெரிஞ்சிருச்சு. எங்க தோட்டத்துலயும் மருந்து மெசின் இருக்கு."

"தெரிஞ்சுமா புள்ளைய ஏற விட்டீங்க?"

"அத்தன பேரு மத்தியில கேட்டா ஒங்க மானம் போயிருமேன்னு..." செல்லசாமி மகனை நிமிர்ந்து பார்த்தார். பேச்சை முடிக்கவில்லை.

வேலாயிதான் முடித்தாள். "நல்லாருக்குடா ஒங்க மானம்! ஒருத்தர் சொல்ல மாட்டாரு, ஒருத்தர் கேக்க மாட்டாரு. எம் மருமகன் பள்ளத்துல கெடந்தா ரெண்டு பேரும் சேந்து ஒப்பாரி வைக்க வருவீங்களா?"

 முறைப்படி, இனிச் செல்லசாமி தட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு எழுந்து போகலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கந்தப்பர் அதற்காகத்தான் நின்றார். முதுகை வளைக்கவில்லை. 

"தள்ளுறதுன்னாத் தள்ளிருங்க. எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்."

"வண்டி இல்லன்னா வேற என்ன குடுப்பீங்க?" என்று செல்லசாமி கேட்டார். கேட்டே ஆக வேண்டிய கேள்வி என்பதற்காகக் கேட்டதுபோல இருந்தது.

"பொண்ணுக்கு வழக்கமாக் குடுக்கிறது. காதுல கழுத்துல உள்ளது. பித்தள அண்டா, குத்துவெளக்கு."

"மோட்டார்சைக்கிள்ல தண்ணி புடிச்சு வைக்க முடியுமா?" என்றாள் வேலாயி. "அண்டா போதும்டா. தட்ட எடு. சோறு ஆறுது."

செல்லசாமி தட்டைப் பக்கத்தில் இழுத்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டார். கல்யாணம் நிலைத்தது அந்த ஒரு வெற்றிலையில். ஆனால் யாரும் குலவை போடவில்லை. இரண்டு பெரியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமா என்று கேட்டதைத் தவிர வேறு பேச்சில்லாமல் சாப்பிட்டு முடித்தார்கள். அழகன்தான் முற்றத்தில் குந்தியிருந்து, இது எதற்கு, அது எதற்கு என்று சின்னராசாவைத் துளைத்துக்கொண்டிருந்தான். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னான். மகன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கந்தப்பர் கேட்டதில்லை.

புறப்படும்போது அவர் பஸ்சுக்கு நடக்கத்தான் பார்த்தார். கால் ஓடவில்லை.

"ரயில் டேசன் வரைக்கும் ஏறுங்கப்பா" என்றான் சின்னராசா. "இறக்கத்துல உருட்டிக்கிட்டே போறேன்."

கங்காணி வேட்டியை மடித்துக் கட்டி, வெறுந்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பள்ளத்துப் பக்கம் வந்தபோது மகனின் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார்.

தலவாக்கலை டேசன் வந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

டவுனைத் தாண்டியதும் எஞ்சின் முனக ஆரம்பித்தது.

"அப்பா, ஏத்தம். ரெண்டு பேர இழுக்காது."

"தெரியுது."

இறங்கி நடந்தார். சின்னராசா மெதுவாக முன்னே போய், ஏற்றம் தணிந்த அடுத்த வளைவில் காத்திருந்தான். மழை இல்லை, மூட்டம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக நடக்க அவருக்குத் தெம்பில்லை. வேகமாக வரச் சொல்லி அவனும் கூப்பிடவில்லை. கிட்டே வந்து, மகனின் தோளில் கை வைத்து மூச்சு வாங்கினார். வழியில் அட்டன் போய்ச் சேரவே இன்னும் எத்தனை ஏற்றம் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே மறுபடி ஏறி உட்கார்ந்தார்.