வண்டித் தடத்தின் கீழே தங்கம்

ஆரின் டாஸ்கர் பத்து ஆட்களோடு தர்சாவின் வாசலில் வந்து இறங்கியபோது, ரொட்டிக்குப் புளித்த மாவு கேட்கும் சாக்கில் நான் ஏற்கெனவே அவள் அடுப்படியில் இருந்தேன். இந்த மாதிரி விஷயங்களில் நான் பிந்துவதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன், குடியேற நிலம் தேடி அமெரிக்காவின் மேற்குக் கோடி ஓரிகனுக்கு ஒரே வண்டித் தொடரில் வந்தவர்கள் நாங்கள், ஆரினும்தான். வழி தவறி வறண்ட காட்டில் அலைந்தபோது தர்சாவின் கைக்குழந்தை காய்ச்சலில் போயிற்று. ஓநாய் தோண்டக் கூடாதென்று, வழக்கப்படி நடுவழியில் புதைத்து, மேலே அத்தனை வண்டிகளையும் ஓட்டினோம். சுவடே இல்லை. குழிவெட்டியபோது வந்த மஞ்சள் கற்களை ஆரின் சக்கரப் பட்டையில் வைத்துத் தட்டிப் பார்த்து, பித்தளையென்று வீசினான். கலிபோர்னியாவில் அதே மாதிரிக் கற்கள் தங்கமென்று தெரிந்த பிறகு, பாவம், அவனுக்குத் தூக்கமே போயிற்று.

தர்சாவின் புருஷன் லெமுவேல் அப்போது வண்டிக்குள் ஜுரத்தில் கிடந்தான். இடம் மனதில் நின்றது அவளுக்கும், அவளைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்கும்தான். இப்போது அவனும் பங்குக்கு ஆசைப்பட்டு, கழுதைமேல் மண்வெட்டி கட்டி நின்றான்.

"எலும்பைப் பத்திரமா எடுத்து இங்க கொண்டாந்து அடக்கம் பண்ணிடறோம்மா. புதைச்ச இடத்தைச் சொல்லலைன்னா வழி நெடுகத் தோண்டுவோம், அவ்ளோதான்" என்றான் ஆரின்.

மாவு பிசைந்த கையை அவள் நிறுத்தவில்லை. "கருப்புப் பாறை தாண்டி மூணாம் நாள்."

பொய். ஆரின் அவளையே பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"டெல்ஃபி, உன் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே. சரிதானா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தர்சா மட்டும் பார்க்கவில்லை.

"மூணாம் நாள்தான். உன் பொண்டாட்டி மாவு மூட்டையை ஓடையில விட்டுட்டு, அப்புறம் உன்னையும் தள்ளிவிட்டாளே, அன்னிக்கு. எனக்கு எப்படி மறக்கும்?"

ஆட்கள் சிரித்தார்கள். ஆரின் காது சிவக்க, தாளில் குறித்துக்கொண்டான்.

எல்லோரும் குதிரை ஏறிவிட்டார்கள். லெமுவேல் மட்டும் மாவு பதமான பிறகும் விடாமல் பிசைந்துகொண்டிருந்த மனைவியின் விரல்களைப் பார்த்தபடி நின்றான். பிறகு மண்வெட்டியை அவிழ்த்துச் சுவரில் சாய்த்தான்.

"நீங்க போங்க. என் கழுதைக்குக் கால் சரியில்ல."

கழுதை நன்றாகத்தான் நின்றது.