இரண்டு பூட்டுகளின் எடை

...ஆனால் இரண்டு கிலோவில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது, லாரி நிறுக்கும் எடைமேடையில் என்றால் இருபது கிலோவுக்குக் குறைந்ததை இயந்திரம் சட்டையே செய்யாது, இங்கே செருப்பைக்கூடக் கழற்றச் சொல்கிறார்கள்... புற்றுநோய்ப் பிரிவின் கூடத்தில் எடை பார்க்கக் காத்திருந்தவர் கால்சட்டைப் பைகளை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பைக்கு ஒன்றாக இரண்டு இரும்புப் பூட்டுகள், அவர் வேலை பார்த்த எடைமேடையின் கதவில் கிடந்தவை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஓட்டுநர்களைப் பிடித்திருப்பார், எடை கூட்டிக் காட்டத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருபவன், தார்ப்பாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து நிறுப்பவன், "உங்க கண்ணுல மண்ணத் தூவ முடியுமாண்ணே" என்று இளித்துக்கொண்டே இறங்குவான்கள்... இப்போது சரக்கும் அவரே, திருட்டும் அவரே. முதல் ஊசிக்குப் பிறகு உடம்பு ஆறு கிலோ இறங்கியிருந்தது, "எடை குறைஞ்சா டோஸும் குறையும் ஐயா" என்று நர்ஸ் சாதாரணமாகத்தான் சொன்னாள். மருந்து குறைந்தால் நோய்க்குக் கொண்டாட்டம் இல்லையா? அடுத்த முறையிலிருந்து பூட்டுகள் கூட வந்தன.

கூடவே வாய்ப்புண் வந்தது, வாந்தி வந்தது, காய்ச்சலில் ஒன்பது நாள் கட்டில், வெள்ளணுக்களை ஏற்றத் தனி ஊசி. "மருந்துக்கு ஆனதவிட அது பண்ணின கூத்துக்குத்தாங்க செலவு அதிகம் ஆச்சு" என்றாள் மனைவி, திட்டுகிற மாதிரியும் இல்லை, சிரிக்கிற மாதிரியும் இல்லை. போன வாரம் டாக்டரம்மா விட்டுவிட்டு மூன்று முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உங்க உடம்பு மருந்த லேசுல வெளிய விட மாட்டேங்குது, இனி எடையோட ரத்தத்துல நிக்கிற அளவையும் பார்த்துத்தான் போடுவோம், அப்புறம் வாந்திக்கும் காய்ச்சலுக்கும் காசை அள்ளி அள்ளிக் கொடுக்க வேண்டியிருக்காது."

"குறைச்சா பத்துமா டாக்டர்?"

"உங்களுக்குப் பத்துற அளவு எதுன்னுதானே தேடுறோம்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்துப்போனது, ஒரே வருடத்து லாரிகள், ஒரே பாரம், ஒன்று மேட்டில் அனாயாசமாக ஏறும், இன்னொன்று பாதியிலேயே மூச்சு வாங்கும், எந்த எடைச்சீட்டு அதைச் சொன்னது... உள்ளே போன மருந்து எங்கே உட்கார்ந்திருக்கும், ஏன் ஒருவனிடம் ஒட்டிக்கொண்டு இன்னொருவனிடம் ஓடிவிடுகிறது? ரத்தத்துக்குப் பை கிடையாது, அதற்குள் எதை ஒளிப்பது? ஆனால் டாக்டரம்மாவின் கணக்கில் அவர் எடையும் இருக்கிறதே, அதில் இரண்டு பூட்டுகளும் இருக்கின்றனவே. ஒட்டிக்கொண்டது எவ்வளவு, பூட்டு சேர்த்தது எவ்வளவு, சொல்லாவிட்டால் அவள் எப்படிப் பிரிப்பாள்? சொன்னால் இன்னும் குறைப்பாளோ...

"அடுத்து நீங்கதான் ஐயா, வாங்க" என்றாள் நர்ஸ். அவர் எழுந்தார், வலது பைக்குள் கை போனது, போன மாதம் பூட்டின் கனத்தில் இந்தப் பை கிழிந்து நூல் தொங்கியதே, கிழிசல் எங்கே... விரலுக்கு நெருக்கமான தையல் தட்டுப்பட்டது, இரட்டை நூல், உள்ளே புதிதாக ஒரு கெட்டித் துணி வேறு. திரும்பிப் பார்த்தார். மனைவி மடியில் இருந்த மருந்துச் சீட்டுகளைக் கவனமாக அடுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. எப்போது தைத்தாள்... குறைந்துவிடக் கூடாது என்று இவளுமா?