முழுகாமல் இருக்கிறேன்

எனக்கு முப்பத்து நான்கு வயதில் மாதவிலக்கு நின்றுபோனது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் தள்ளித் தள்ளி வந்தது, பிறகு ஒரேயடியாக வரவில்லை. இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கன்னடத்தில் "நிந்துஹோகிதே" என்றார். நின்றுபோய்விட்டது. இனிக் குழந்தை தங்குவது ஏறக்குறைய நடக்காத காரியம், ஆனால் எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம் வேண்டும், ஹார்மோன் மாத்திரை வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் கோவிந்தன் காதில் விழுந்தது 'ஏறக்குறைய' என்கிற ஒரு சொல்தான்.

அதைப் பிடித்துக்கொண்டு அவர் ஆட்டோவைச் சிவாஜிநகர் நாட்டு மருந்துக் கடைக்கு விட்டார். வந்து இறங்கியது தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம். விடிந்ததும் வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு. அப்புறம் யாரோ சவாரி வந்தவர் சொன்னாராம் என்று சோயா பால், ஆளிவிதைப் பொடி. காபி கூடாது, புளி கூடாது, கோபப்படக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

நான் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில், வைட்டமின் மாத்திரைகளை அட்டையில் அடைக்கிற லைனில் நிற்கிறவள். அட்டையின் பின்பக்கம் எழுதியிருப்பதை ஓயாமல் படித்தவள். நின்றுபோனது திரும்பி வரும் என்று அதில் எங்கேயும் போட்டிருக்காது. இருந்தும் கொடுத்ததையெல்லாம் குடித்தேன். எனக்கும் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். குளிக்கிற அறையில் குழாயைத் திறந்துவிட்டு வயிறு வலிக்க அழுதிருக்கிறேன்.

லைனில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகமெல்லாம் பரவும். தொப்பிக்குள் தலை நனைந்துவிடும். பக்கத்தில் நிற்கிற பெர்னதெத் ஒரு நாள் அட்டையால் விசிறிக்கொண்டே, இதெல்லாம் யாருக்காகக் குடிக்கிறாய் என்று கேட்டாள். வீட்டுக்குப் போகிற பஸ் முழுக்க அதையே யோசித்தேன். மறுநாள் லேகியத்தையும் சாறையும் சாக்கடையில் கொட்டினேன். கால்சியத்தையும் ஹார்மோன் மாத்திரையையும் காலை நடையையும் வைத்துக்கொண்டேன். எலும்பு என்னுடையது, அது யாருக்கும் பேரன் பெற்றுத் தர வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத காந்தா, அது ஒடஞ்சி பூடும்" என்று கோவிந்தன் கெஞ்சியதற்குச் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மாமியார் சந்திரம்மா கெட்டவர் இல்லை. ஆனால் கண் இருக்கிறதே, அது சிபிஐ. மாதத்தில் மூன்று நாள் நான் விளக்கு ஏற்றாமல் ஒதுங்கி, நாலாம் நாள் தலை முழுகுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நாலு மாதமாக நான் ஒதுங்கவும் இல்லை, அப்படி முழுகவும் இல்லை. பிள்ளை உண்டானவளை எங்கள் பக்கத்தில் முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள். அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். மீன் குழம்பில் நல்ல துண்டெல்லாம் என் தட்டில் விழுந்தது. இல்லாத பிள்ளைக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கோவிந்தனிடம் மூன்று முறை சொன்னேன். திருவிழா முடியட்டும் என்றார்.

திருவிழா என்றால் எங்கள் ஜீவனஹள்ளித் தெருவின் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் எடுக்கிற பால்குடம். ஆனி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குக் கூட்டம் போட்டார்கள். கோயில் தலைவர் சுந்தரேசன் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். ஊர்வலத்தில் முன்னால் போவது தலைக்குடம். அதற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம், நடுவில் தடைபடக் கூடாது. அதனால் மாதவிலக்கு நின்றுபோனவர்கள்தான் எடுக்க வேண்டும் என்பது கோயில் முறை. போன வருஷம் வரை எடுத்த அத்தைக்கு முட்டி போய்விட்டது. மற்ற கிழவிகளில் ஒருவருக்கு பி.பி., ஒருவருக்குக் கண் ஆபரேஷன். ஆள் கிடைக்காமல் விழித்த சுந்தரேசன், அதை அப்புறம் பார்ப்போம் என்று ஒன்பது நாள் விரதக்காரர்களின் பெயர்களை வாசித்தார். என் பெயர் வந்ததும் அத்தை எழுந்தார்.

"காந்தா பேர அட்ச்சிடு சுந்தரேசா. அவ முழுகாம இருக்கா."

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒருத்தி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வாசல் பக்கம் நின்ற கோவிந்தன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த பயமும் போய்விட்டது. எழுந்தேன். சரியாக அப்போதுதானா அந்தச் சூடும் கிளம்ப வேண்டும்? முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. துடைக்கவில்லை.

"அத்த சொன்னது சரிதான். முழுகாமதான் இருக்கேன். ஆனா வயித்துல ஒண்ணும் இல்ல. எனக்கு நின்னு போச்சு. இனிமே புள்ளையும் இல்ல."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ ஐயோ பாவம் என்றார்கள்.

"பாவம்னு யாரும் சொல்லாதீங்க. அழ வேண்டியத நானே அழுதுட்டேன்" என்றேன். "சுந்தரேசண்ணே, தலக்குடத்துக்கு நின்னு போனவதானே வேணும்? என் பேர எழுதுங்க."

அவர் பேனாவை மூடித் திறந்தார். இதுவரை வயசானவங்கதான் எடுத்திருக்காங்க என்று இழுத்தார். முறையில் வயசு சொல்லியிருக்கிறதா, நின்றது சொல்லியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் வழக்கம்போல் அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "எங்கிட்ட ஏண்டி மறச்ச?" என்றார்.

"உங்க புள்ளையக் கேளுங்க."

அவர் திரும்பி மகனைப் பார்த்தார். கோவிந்தன் தரையைப் பார்த்தார். அத்தை எனக்காக அழுதாரா, வராத பேரனுக்காக அழுதாரா, தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எழுதுடா. எம் மருமவ எடுப்பா" என்றார்.

சுந்தரேசன் என் பெயரை முதல் வரியில் எழுதினார். அதைப் பார்க்கக் கோவிந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் இடம் விடவில்லை. அவர்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.