கெல்லர்ஸ் ஃபோர்க்கின் பத்தொன்பது வெள்ளை முகங்கள்

ஜூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, கெல்லர்ஸ் ஃபோர்க் ஊரில் பத்தொன்பது ஆண்களுக்கு ஊர்வலத்துக்குப் போட்ட வெள்ளை முகமூடி கழன்று வராமல் போயிற்று. அன்று பெட்ரோல் காலனுக்கு நாலு டாலர் தொண்ணூறு சென்ட். காட்டில் ஹக்கிள்பெரி இன்னும் பழுக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து முதலில் நகத்தால் கிள்ளிப் பார்த்தார்கள், பிறகு வெந்நீர் ஊற்றினார்கள், கடைசியில் ஆட்டுக்கு ரோமம் வெட்டும் கத்தரியை எடுத்தார்கள். துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கத்தரிக்கும் தெரியவில்லை. ஞாயிறு காலையில் துணியே இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. பார்க்க இரண்டு துளை, மூச்சுக்கு ஒன்று, வாய்க்கு ஒரு கீறல். கையுறையும் கையோடு ஒட்டி விரல்ரேகை போயிற்று. குரலும் தலையணைக்குள்ளிருந்து வருவது போல எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டது. வெள்ளையாக இருப்பதே பெருமை என்று ஊர் ஊராகக் கத்தித் திரிந்தவர்களுக்குக் கேட்ட வரம் ஒரு பிடி கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்த மலைப்பக்கத்துக்கு இந்தக் கூட்டம் புதிதில்லை. தாத்தாக்கள் காலத்தில் அங்கியும் கூம்புக் குல்லாயும் போட்டார்கள். அப்பாக்கள் காலத்தில் ஒரு பாதிரியார் ஏரிக்கு மேலே இருபது ஏக்கர் வளைத்து, காவல் கோபுரம் கட்டி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, தொலைபேசிப் புத்தகத்திலும் தன் எண்ணைப் போட்டிருந்தார். வழிப்போக்கர்களை அடித்த வழக்கு வந்தபோது சம்மன் கொடுக்க வந்தவன் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தான்; நிலமும் போயிற்று, கோபுரமும் போயிற்று. பிள்ளைகள் அதில் பாடம் படித்தார்கள். நிலம் வேண்டாம், பலகை வேண்டாம். எடை தூக்க ஒரு கூடமும் கைப்பேசியில் ஒரு குழுவும் போதும். டெக்சஸிலிருந்து வந்த கிரேடன் ஷோல்ஸ் என்ற இருபத்தாறு வயதுத் தலைவன், ஒருவர் பெயரை இன்னொருவர் கேட்கவே கூடாது என்று சட்டம் போட்டான். காணொளியில் வரிசை அழகாக விழவேண்டும் என்று, ஐந்தடி பத்தங்குலத்துக்கு ஒரு விரல்கடை கூடினவனையும் குறைந்தவனையும் சேர்க்கவில்லை. எல்லோரும் வீடு மாற்றும் வாடகை லாரியின் பின்பெட்டிக்குள் அடைந்து வந்து இறங்குவார்கள். "சோபாவ எப்பப்பா இறக்குவீங்க?" என்று முடிதிருத்துபவர் கடைவாசலில் நின்று கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்துக்கு எதிராக ஊர்வலம் போகும் வழியில் அவர்களில் ஒருவன் ஒஃபெலியா பராஹாஸின் ரொட்டிக்கடைக் கண்ணாடியை உடைத்தான். ஒஃபெலியா அந்தத் தெருவில் பதினெட்டு வருடமாக ரொட்டி சுடுகிறவள். ஊர்ப்பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கெல்லாம் அவள் கடைதான். சில்லு பாய்ந்து அவள் கன்னத்தில் ஒன்பது தையல். ஷெரிஃப் டன்லப் பத்தொன்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்து யார் என்று கேட்டபோது பத்தொன்பது கீறலும் மூடியே இருந்தன. யாரென்று தெரியாதவனைச் சிறையில் போட முடியாது என்று நீதிபதி அனுப்பிவிட்டார். "என் மூஞ்சிய நான் தினமும் கண்ணாடியில பாக்குறேன் ஷெரிஃப். அவன் மூஞ்சிய ஒரே ஒரு தடவ பாக்கணும்," என்றாள் ஒஃபெலியா.

அவர்களில் ஒரு முகத்தைத் தேடிய இன்னொருத்தியும் இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் டார்லா மெக்கீ. அவளுடைய ஒரே மகன் ட்ரெவர் அந்தப் பத்தொன்பதில் ஒருவன். அவள் வியாழக்கிழமைதோறும் ஒரு பெரிய தட்டு அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குக் கேசரோலோடு கூடத்துக்குப் போய் "ட்ரெவர்" என்று கூப்பிடுவாள். முப்பத்தெட்டு துளைகள் அவளைப் பார்க்கும். வாய் திறந்தால் உடைந்த கண்ணாடிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதால் எவனும் பேசமாட்டான். ஒருவன் மட்டும் சாப்பிட்டால் போதும் என்று கொண்டுபோன தட்டை எல்லோரும் வழித்துத் தின்பார்கள். அவர்களைப் பாவம் என்று சொல்ல ஊருக்கு மனம் வரவில்லை. காலித்தட்டோடு திரும்பும் டார்லாவைப் பார்த்துச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை ஒஃபெலியா அவளைத் தெருவில் நிறுத்தினாள்.

"டார்லா, உனக்கு மகன் வேணும், எனக்கு எறிஞ்சவன் வேணும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா என்ன பண்ணுவ?"

"இருக்காது," என்றாள் டார்லா. அன்றிலிருந்து எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போனாள்.

இதற்குள் கூட்டத்தில் தலைவன் யார் என்ற சிக்கல் வந்தது. நான்தான் ஷோல்ஸ் என்று ஒருவன் எழுந்தான், இன்னொருவனும் எழுந்தான், இலையுதிர் காலம் முடிவதற்குள் ஷோல்ஸ்கள் பதினெட்டுப் பேர். ஆளுக்கொரு இயக்கம், ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு கைப்பேசிக் குழு. மற்ற பதினேழும் துரோகிகளின் கூடாரம் என்று ஒவ்வொன்றும் அறிக்கை விட்டது. ஒரே ஆள் இருந்த இயக்கம் ஒன்று பிப்ரவரியில் கொள்கைத் தகராறில் இரண்டாக உடைந்தது. அந்த ஆள் திங்கள், புதன்களில் ஒரு பிரிவாகவும் மற்ற நாட்களில் இன்னொன்றாகவும் எடை தூக்கினான். பெரிய நகரத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து, தீவிரவாத அமைப்புகள் மாவட்டத்தில் ஒன்றிலிருந்து பத்தொன்பதாகப் பெருகிவிட்டன என்று கவலையோடு எழுதிக்கொண்டு போனார்.

தலைமைக்குப் போட்டி போடாதவன் ஒருவனே. மூன்றாவது வருடப் பனிக்காலத்தில் டார்லா சலித்துப்போய், மூலையில் நின்ற அவனைக் காட்டி, "நீதான். வா வீட்டுக்கு," என்றாள். அவன் மறுக்கவில்லை, மூன்று வருடமாக அவனுக்கு யாரும் முட்டை பொரித்துக் கொடுத்ததில்லை. ட்ரெவரின் அறையில் படுத்தான். ட்ரெவரின் பூட்ஸ் சரியாக இருந்தது. வாசல் பனியைச் சொல்லாமலே வாரிப்போட்டான். ட்ரெவர் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை என்பது டார்லாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, மகன் கிடைத்துவிட்டான் என்று காட்டிக்கொள்ளவே அவள் அவனை ஒஃபெலியாவின் கடைக்குக் கூட்டிப்போனாள். ட்ரெவரின் சிவப்புக் கட்டம் போட்ட கோட்டை அவனுக்கு மாட்டியிருந்தாள். "என் பையன்," என்று கல்லாவில் நின்ற ஒஃபெலியாவிடம் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்ற இன்னொரு வெள்ளை முகம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றது அது. "அது நான் இல்லம்மா."

"எவனும் அப்படித்தான் சொல்வான்," என்றாள் ஒஃபெலியா. "நீதான் ட்ரெவர்னு எப்படிடா நம்புறது?"

நாய் பேர் சொன்னான். அது கூடத்தில் டார்லாவே பலமுறை சொல்லிக்காட்டியது. பள்ளிக்கூட பஸ் எண் சொன்னான். அது ஊருக்கே தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அவனிடம் ஒன்றுதான் இருந்தது.

"அன்னைக்கு எறிஞ்சது கல் இல்ல," என்றான். "பீச் பழ டின். லாரியில மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்தது. நான்தான் எறிஞ்சேன்."

பத்திரிகையும் ஊரும் மூன்று வருடமாகக் கல் என்றே சொல்லிவந்தன. டின் என்பது எறிந்தவனைத் தவிர ஒஃபெலியாவுக்கும் ஷெரிஃபுக்கும் மட்டும் தெரியும். அவன் சொல்லி முடித்ததும் வலது புருவம் வந்தது. பிறகு இடது புருவம், ஹாக்கியில் உடைந்து கோணிய மூக்கு, உதடுகள். ஒஃபெலியா கல்லாவைச் சுற்றி வந்து அந்த முகத்தை ஒரு நிமிடம் முழுதாகப் பார்த்தாள்.

"பத்து வயசுல நீலக் கலர்ல கேக் வேணும்னு அழுதவன்தானே நீ," என்றாள். பிறகு ஷெரிஃபுக்குத் தொலைபேசினாள்.

எது கிடைக்கவேண்டும் என்று டார்லா மூன்று வருடம் ஏங்கினாளோ அது கிடைத்தது. எது இருக்கக்கூடாது என்று பயந்தாளோ அதுவும் அதுவே. மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் ஒஃபெலியாவின் கன்னத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"இத்தன நாளா நான் இந்தப் பக்கமே வரல, ஒஃபெலியா," என்றாள்.

"தெரியும்," என்றாள் ஒஃபெலியா.

முகம் திரும்பிவர வழி உண்டு என்ற செய்தி அன்று மதியமே கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தான் செய்ததைச் சொன்னால் வரும் என்றும் தெரிந்தது. பதினேழு பேரும் அதைக் கேட்டுவிட்டு எடை தூக்கப் போனார்கள். மாவட்ட அலுவலகம் அவர்களுடைய ஓட்டுநர் உரிமத்தில் வெற்றுக் கட்டத்தையே புகைப்படமாக அச்சிடுகிறது. மழிக்க ஒன்றுமில்லை என்று முடிதிருத்துபவர் சவரக்கூலி வாங்குவதில்லை. பதினெட்டாமவன் டார்லாவின் வீட்டிலேயே இருக்கிறான், பெயரை யாரும் கேட்கவில்லை.

ட்ரெவருக்கு எட்டு மாதச் சிறை. முதல் ஞாயிற்றுக்கிழமை டார்லா மாவட்டச் சிறைக்குப் போய் எதிரே உட்கார்ந்தாள். பத்து நிமிடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னடா இது, சவரம் பண்ணக்கூடாதா?" என்று திட்டினாள்.