கீழே இறங்கிய மேசை

செல்லூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருந்த அழகுமலை, எண்பத்து மூன்றாம் வருடம் மெட்ராசில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஜப்பான் ஜப்பான் என்றே பேசிக்கொண்டிருந்தார். அங்கே கம்பெனிகளில் எதையும் ஒரேயடியாகப் புரட்டிப் போடுவதில்லையாம். தினமும் சின்னதாக ஒன்றைச் சரிசெய்வார்களாம். எதைச் சரிசெய்வது என்பதை வேலை செய்கிறவர்களே சொல்வார்களாம்.

"சனிக்கிழம சாயங்காலம் எல்லாரும் உக்காருவோம். யாரு என்ன சொன்னாலும் செய்வேன். இது என் வாக்கு," என்றார்.

முதல் சனிக்கிழமை எல்லோரும் தறிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். நூல் சுற்றும் அன்னக்கொடிதான் முதலில் எழுந்தாள்.

"தறியில பெல்ட்டு அறுந்தா, புதுசு வாங்க முன்கட்டு மாடியேறி உங்ககிட்ட வர வேண்டியிருக்கு மொதலாளி. நீங்க போன்ல பேசி முடிக்கிற வரைக்கும் தறி சும்மா நிக்கிது. உங்க மேசைய இங்கன தறிக்கூடத்துலயே போட்டா என்ன?"

"உக்காரு தாயி," என்று முணுமுணுத்தார் மூத்த தறிக்காரர் நல்லகாமன்.

அழகுமலையின் முகம் சுருங்கியது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே. திங்கட்கிழமை மேசை, நாற்காலி, டெலிபோன் எல்லாம் கீழே இறங்கின.

பெல்ட் கேட்டவுடன் கிடைத்தது. அழகுமலைதான் பாடுபட்டார். தறிச் சத்தத்தில் போனில் பேசுவது காதில் விழவில்லை. ஆர்டர் கொடுத்த துண்டு எப்போது வரும் என்று திண்டுக்கல் வியாபாரி கேட்டதற்கு, "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துருவேண்ணே!" என்று கத்தினார். கூடமே சிரித்தது. காப்பியில் பஞ்சு மிதந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இம்புட்டு வேக்காட்டுல எப்படிய்யா நிக்கிறீங்க?"

"பழகிருச்சு மொதலாளி," என்றார் நல்லகாமன்.

அழகுமலைக்குப் பழகவில்லை. மறுநாளே ஜன்னல் வைக்கக் கொத்தனார் வந்தார். பிறகு மின்விசிறிகள் வந்தன. ஆட்டம் கண்டு சத்தம் போட்ட தறிகளுக்கெல்லாம் போல்ட்டை முடுக்க வைத்தார்.

ஐப்பசி பிறக்கப்போகும் நேரம். அந்தச் சனிக்கிழமை, யோசனை சொல்ல அழகுமலையே கை தூக்கினார்.

"பெல்ட்டு, சாமான் அம்புட்டும் இங்கயே நல்லகாமன் பொறுப்புல இருக்கட்டும். நான் மேசையோட மேல போயிர்றேன். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் அன்னக்கொடியைப் பார்த்தார்கள்.

"தாராளமாப் போங்க மொதலாளி. ஆனா மழை முடிஞ்சு போங்களேன்."

"ஏன்?"

அவள் கூரையைக் காட்டினாள். மேசைக்கு நேர் மேலே, ஓட்டு இடுக்கில் வானம் தெரிந்தது.

அழகுமலை அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார்; பிறகு புது ஜன்னலையும் மின்விசிறிகளையும் பார்த்தார். அப்புறம் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு, ஓடு மாற்றுகிற ஆளைக் கூட்டிவர நல்லகாமனைச் சமயநல்லூருக்கு அனுப்பினார். அந்த மழைக்காலம் முழுக்க மேசை கீழேதான் கிடந்தது. அதன்மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.