சீனுவுக்கு நட்ட பந்தக்கால்

சுப்பராயலு யாரை அடிப்பதானாலும் முதலில், "சார், கண்ணாடிய கழட்டிடு" என்பார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவ்வளவு முறையாக அடிக்கிறவர் அவர் ஒருவர்தான். முதல் தடவை அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கன், ஏதோ பார்த்துவிட்டுத் தரப்போகிறார் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். அடுத்த கணம் அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று துளசிச் செடியின் தொட்டியில் போய் விழுந்தது. சுப்பராயலு கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஏரியல் கட்டியிருந்த மூங்கிலைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து நாலாக ஒடித்துப் போட்டுவிட்டு, வந்த வழியே சுவரேறிக் குதித்தார்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கஸ்தூரிரங்கன் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவர். வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு பேசுவதற்கு அரசாங்கம் அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. ஹாம் ரேடியோ என்பார்கள். செட்டை அவரே கையால் செய்திருந்தார். ஆகாயத்துக்குப் போகவேண்டிய குரலில் கொஞ்சம் வழி தவறிப் பக்கத்து வீட்டு டிவிக்குள் நுழைந்துவிடும். வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சியில், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதாநாயகி வாயைத் திறந்தால், "நான் பேசுவது கேட்கிறதா? ஓவர்" என்று கஸ்தூரிரங்கனின் கட்டைக் குரல் வந்தது.

"பொம்பளைங்க கீற வூடு சார் இது" என்றார் சுப்பராயலு. "அவ வாயத் தொறந்தா நீ பேசுற. இன்னா அர்த்தம்?"

சுப்பராயலு அந்த ஊரின் பழைய குடி. கஸ்தூரிரங்கன் குடியிருக்கும் காலனி நிற்பதே அவருடைய கழனியில்தான். மனை போட்டு விற்று வருஷக்கணக்காகியும், காலனிக்காரர்களைத் தன் வயலில் முளைத்த களையாகத்தான் பார்ப்பார்.

கஸ்தூரிரங்கனுக்கும் விட முடியாத காரணம் இருந்தது. அவர் மனைவி காமுவுக்கு ஒரே தம்பி, சீனு. தாயில்லாப் பிள்ளை, அவள் இடுப்பில் வளர்ந்தவன். தென்துருவப் பனிக்கண்டத்துக்குப் போன ஆராய்ச்சிக் குழுவில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துக் கப்பலேறிவிட்டான். இனி அடுத்த கப்பல் போகும்வரை கடிதம் கிடையாது. அவனும் அத்திம்பேரோடு சேர்ந்து ரேடியோ பரீட்சை எழுதித் தேறியவன். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன் அக்கா. ஏரியல் மட்டும் நல்ல உசரமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தாழ்ந்த கம்பியில் விஜயவாடாக்காரர் ஒருவர்தான் கிடைத்தார். அவரும் அங்கே மழை என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காமு செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரைச்சலைக் கேட்டுவிட்டு, எழுந்து போய் அடுப்பு மூட்டுவாள்.

பல் போன மறுவாரம் கஸ்தூரிரங்கன் சமாதானமாகப் போய்ப் பார்த்தார். டிவிக்கு உள்ளே சின்னதாக ஒரு வடிகட்டி வைத்தால் தன் குரல் வராது என்றார். "என் டிவி வயித்தக் கீசப் பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு, சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். இந்தத் தடவை கஸ்தூரிரங்கன் தயாராக வந்திருந்தார். தன் வீட்டுக்குள் ஓடி, முன்பே பழுக்கக் காய வைத்திருந்த, செட்டுக்கு ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியை எடுத்து, துரத்தி வந்தவரின் புஜத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். தோல் கருகும் வாசனை தெருக்கோடி வரைக்கும் போனது. அன்று முதல் சுப்பராயலுவுக்கு அவர் மேல் தனி மரியாதை. அதற்கப்புறம் இரண்டு கையாலும்தான் அடித்தார்.

மூங்கில் போனால் போகிறது என்று கஸ்தூரிரங்கன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரும்புக் குழாய் வாங்கி வந்து நட்டார். சுப்பராயலு அதைப் பிடுங்கி, கஸ்தூரிரங்கனின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி வளைத்து, முனை இரண்டையும் முறுக்கிவிட்டுப் போனார். நம்பாதவர்கள் தாம்பரம் பஸ் கண்டக்டரைக் கேட்கலாம். அறுத்தெடுக்கத் தாம்பரத்துக்குப் போனபோது, ஆளுக்கு ஒரு டிக்கெட், குழாய்க்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் என்று கிழித்துக் கொடுத்தவர் அவர்தான்.

குழாய்த் தழும்புக்கு எண்ணெய் தடவும்போது காமு சொன்னாள்: "ஏன்னா, ஏரியல்னு நட்டாத்தானே பிடுங்கறான்? பந்தக்கால்னு நட்டா?"

கஸ்தூரிரங்கன் வலியை மறந்து நிமிர்ந்தார். கல்யாண வீட்டில் முதல் வேலையாக நடுகிற பந்தக்காலைத் தொடுவதற்கு எந்த ரௌடிக்கும் கை வராது. ஐந்து சுமங்கலிகள் குழியில் பாலும் நவதானியமும் விட்டு நடுவது. கல்யாணம் முடியுமுன் அது சாய்ந்தால், பால் விட்ட ஐந்து பேரின் தாலிக்கும் ஆகாது.

"அந்த அஞ்சு பேர்ல ஒருத்தியா கிளியம்மாளையும் கூப்பிட்டுடறேன்" என்றாள் காமு.

கிளியம்மாள் சுப்பராயலுவின் மனைவி.

நல்ல முகூர்த்தத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கட்டிய இரண்டு சவுக்குக் கட்டைகள் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி எழுந்து நின்றன. கிளியம்மாள் பாலை ஊற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, பந்தக்காலு பனமரம் ஒசரம் கீது?"

"கல்யாணம் என் தம்பிக்கு. அவன் ரொம்ப தூரத்துல இருக்கானோன்னோ? அங்கேர்ந்து தெரிய வேண்டாமா?"

"மேல கம்பி ஓடுது?"

"தோரணம்" என்றாள் காமு, கண் கொட்டாமல். கம்பியில் நிஜமாகவே நாலு மாவிலை தொங்கின.

"பொண்ணு யாரு?"

"பார்த்துண்டிருக்கோம்."

பெண் பார்க்குமுன் பந்தக்கால் நடுகிற ஜாதியும் உலகத்தில் உண்டு போலும் என்று கிளியம்மாள் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் சுப்பராயலு அரிவாளோடு சுவரேறினார். கிளியம்மாள் பின்னாலேயே ஓடி வந்து அவர் வேட்டியைப் பிடித்தாள். "யோவ், என் கையால பால் வுட்ட காலுய்யா. அது சாஞ்சா நீ பூடுவ. வெட்டுறியா? வெட்டு."

சுப்பராயலு சுவர் மேலேயே நின்றார். கம்பத்தைப் பார்த்தார், மனைவியின் தாலியைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். இறங்கிப் போய்த் தன் வீட்டு முருங்கை மரத்தை வேரோடு வெட்டினார். அதன்பின் டிவியில் கஸ்தூரிரங்கனின் குரல் வரும்போதெல்லாம் அவர் வீட்டில் ஏதாவது உடைந்தது. ஒருநாள் அம்மிக்கல்லே உடைந்தது. எதால் அடித்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

காமுவோ சொன்ன பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்தாள். பந்தக்கால் நட்டுவிட்டு சும்மா இருக்கலாமா? ஜாதகங்கள் வந்தன, பொருந்தின. குரோம்பேட்டையில் ஒரு பெண்ணுக்கு வெற்றிலை பாக்கு மாற்றாத குறைதான். மாப்பிள்ளையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அவன் குரல் கிடைக்க வேண்டும். கம்பம் உயர்ந்ததிலிருந்து அந்தக் குரல் இரைச்சலுக்கு அடியில் கொசு மாதிரி கேட்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தெளிந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காற்று எழுந்தது. கம்பம் இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்துவிட்டு, காலனி நலச்சங்கச் செயலாளர் பக்தவச்சலம் நாலு தடியர்களோடும் ஒரு ரம்பத்தோடும் வந்து சேர்ந்தார்.

"மிஸ்டர் கஸ்தூரிரங்கன், இது நாலு வீட்டுக் கூரையில விழும். மரியாதையா எடுத்துடுங்க. இல்லேன்னா நாங்க எடுப்போம்."

"இது பந்தக்கால் சார்."

"பந்தக்காலாவது மண்ணாங்கட்டியாவது. ரெண்டு மாசமாவா நிக்கும்?" என்றார் பக்தவச்சலம். ஒரு தடியன் ரம்பத்தைக் கம்பத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

மரத்தில் பல் பட்ட சத்தம் சுப்பராயலுவின் நெஞ்சில் கேட்டிருக்க வேண்டும். சுவருக்கு மேலே ஒரு உருவம் பறந்து வந்தது. இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை.

"என் உயிருடா அது! எவன்டா கைய வெச்சது?"

ரம்பம் வைத்தவனின் மணிக்கட்டு முறிந்த சத்தம் விறகு ஒடிவது போலத் தெளிவாகக் கேட்டது. இரண்டாமவனைத் தலைகீழாகப் பிடித்து மூன்றாமவனை அடித்தார். நாலாமவன் கடப்பாரையால் சுப்பராயலுவின் மண்டையைப் பிளந்தான். ரத்தம் கண்ணை மறைக்க, அவர் தடவிப் பார்த்து அவன் காதைக் கண்டுபிடித்துக் கடித்தார். கஸ்தூரிரங்கனும் சும்மா இல்லை. சால்டரிங் கம்பியோடு பாய்ந்து, பக்தவச்சலத்தின் பின்பக்கத்தில் அழியாத ஒரு கோடு போட்டார். பக்தவச்சலம் அப்புறம் பல மாதம் சங்கக் கூட்டங்களை நின்றுகொண்டே நடத்தினார்.

பக்தவச்சலமும் தடியர்களும் ஒருவரையொருவர் சுமந்துகொண்டு ஓடியபின் பார்த்தால், கம்பத்தை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றின் முளை சண்டையில் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. காற்றில் கம்பம் சாயத் தொடங்கியது. சுப்பராயலு பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றார். பிளந்த மண்டையிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கிச் சொட்டியது.

"நேரமாச்சுன்னா!" என்று உள்ளேயிருந்து காமு கத்தினாள். "சீனு கூப்பிடற நேரம்!"

கஸ்தூரிரங்கன் சுப்பராயலுவைப் பார்த்தார்.

"போ சார்" என்றார் சுப்பராயலு பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் புட்சிகினு கீறேன். உனுக்காக இல்ல. சீக்கிரம் அந்தக் கண்ணாலத்த முடி. அது முடிஞ்சாதான் எனுக்கு வுடுதலை."

உள்ளே இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாக ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். இரைச்சல், இரைச்சல், அதற்கு நடுவே பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல ஒரு குரல்: "அக்கா! நான் சீனு. கேக்கறதா அக்கா?"

காமு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல் இடுக்கில் இறங்கியது. குளிர் பழகிவிட்டது என்றான். தாடி வளர்த்திருக்கிறேன் என்றான். உன் வற்றல்குழம்பு கனவில் வருகிறது என்றான். அவளுக்கு அது போதும். வாழ்நாளெல்லாம் போதும்.

ஆனால் சீனு நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும் அக்கா. கோச்சுக்கக்கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடியே... ஓவர்."

காற்றில் பாதி வார்த்தை உதிர்ந்துவிடும். அதனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்துகொள்வது ரேடியோக்காரர்களின் பழக்கம். கஸ்தூரிரங்கன் கணக்குக்காரர் வேறு. சரிபார்க்காமல் எதையும் விடமாட்டார். விட்டுப்போன வார்த்தைகளை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். பிறகு மைக்கை வாயருகே வைத்து, தன் நல்ல கட்டைக் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"நீ சொன்னதைத் திருப்பிச் சொல்றேன். கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே உனக்குக் கல்யாணம் ஆயிடுத்து. செங்கல்பட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. பெண் பேர் செல்வமேரி. சரியா? ஓவர்."

பக்கத்து வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமைச் சினிமா ஓடிக்கொண்டிருந்தது. மணமேடையில் ஐயர் வாயைத் திறந்தார். கிளியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

"யோவ்!" அவள் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "கண்ணாலம் முன்னியே முடிஞ்சிபோச்சாம்யா! முடிஞ்சப்புறம் பந்தக்காலு நிக்கவே கூடாதுய்யா! நின்னாதான் தோசம்! சாய்யி அத!" கூடவே வீட்டு அரிவாளும் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது.

கஸ்தூரிரங்கனுக்கு அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. மைக்கைக் கீழே வைத்தார். வெளியே கயிற்றைப் பக்கத்து மரத்தில் சுற்றிக் கட்டும் சத்தம் கேட்டது. கனமான காலடிகள் வாசலை நோக்கி வந்தன. ரத்தத்தில் குளித்த ஒரு உருவம் நிலைப்படியில் நின்றது. கையில் அரிவாள்.

"சார்" என்றார் சுப்பராயலு, மிக மரியாதையாக.

அவர் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றிச் செட்டின் மேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. யாரோ அவரை இடித்துக்கொண்டு போனார்கள். "கொண்டா அதை!" என்று ஒரு பெண் குரல். பிறகு கொல்லைப்பக்கம் மரத்தில் வெட்டு விழும் சத்தம். தடவித் தடவிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வெளியே ஓடினார்.

காமு புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சுப்பராயலுவின் அரிவாளால் கம்பத்தின் அடியை வெட்டிக்கொண்டிருந்தாள். "இடுப்புல வெச்சு வளர்த்தேனேடா!" ஒரு வெட்டு. "குரோம்பேட்டைக்காராளுக்கு நான் என்னடா சொல்வேன்!" இன்னொரு வெட்டு. மஞ்சள் பூசிய சிம்புகள் நாலாபக்கமும் பறந்தன. சுப்பராயலு பத்தடி தள்ளி நின்று, தோலில்லாத கைகளைக் கூப்பியபடி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"யம்மா, அந்தாண்ட வெட்டும்மா. இந்தாண்ட வெட்டினா என் வூட்டு மேல வுயும். யம்மா, தாயே, சொல்றத கேளும்மா..."

காமு கேட்கும் நிலையில் இல்லை. கம்பம் ஒருமுறை முனகியது. கட்டியிருந்த கயிறு அறுந்து சாட்டை போல வீசி, கஸ்தூரிரங்கனின் கன்னத்தைக் கிழித்தது. மாவிலைத் தோரணத்தோடு கம்பம் மெள்ளச் சாய்ந்து, சுப்பராயலுவின் மொட்டைமாடியில் இருந்த டிவி ஏரியலைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அறைந்து நசுக்கியது. பக்கத்து வீட்டில் பாதியில் நின்றது மேளச் சத்தம்.

உள்ளே, கேட்க யாருமில்லாத ஹெட்போனில், பனிக்கண்டத்துக் கொசு ஒன்று, "அக்கா? அக்கா? ஓவர்" என்றது. பிறகு அதுவும் நின்றது.

சுப்பராயலு தன் மாடியை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பினார். காமுவின் கையில் அரிவாள் இருந்ததால், அவர் பார்வை அவளைத் தாண்டி வந்தது.

கஸ்தூரிரங்கன் கன்னத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் கண்ணாடியைக் கழற்றி, இந்தத் தடவை பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.