விருந்தாளி முன்னால் ஒரு அப்பா

சமையல்காரி உஸ்தின்யா அன்றைக்கு மீன் அடைத்த அப்பம் சுட்டது பண்ணையாருக்காகவா? மகனுக்காக. பண்ணையார் பேர் கொடுத்துவிட்டார், விடிந்தால் யெவ்சேயைப் பட்டாளத்துக்கு ஓட்டிப்போவார்கள். பட்டாளத்து ஆள் என்று அடையாளமாக முன்மண்டையைச் சிரைத்துவிட்டால் இருபத்தைந்து வருஷம் அங்கேதான். அவன் திரும்பி வந்தாலும் பார்க்க அவள் இருக்கமாட்டாள். பிளாத்தோன் பண்ணையாருக்கு வயிறு நிறைந்தால் மனசு இளகும் என்று அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துக் காலில் விழக் காத்திருந்தாள்.

மேசையில், எந்த ஊர்க் குடியானவன் ஒழுங்கானவன் என்று பேச்சு. அவர்களுக்கு வேறென்ன வேலை.

"எங்க போலந்துல என் வண்டிச் சத்தம் கேட்டாலே தொப்பியக் கழட்டிருவான்," என்றார் விருந்தாளி செவெரின். "பிரஷ்யாக்காரன் பாருங்க, சட்டம் எழுதி வச்சுல்ல அடிக்கிறான். பிரான்ஸ்ல அடியை நிறுத்தினாங்க, மாளிகையையே கொளுத்திட்டானுங்க."

"அதெல்லாம் பயம். இங்க என்னை அப்பான்னு கூப்பிடுவாங்க. பாசம் சார் பாசம்," என்றார் பிளாத்தோன். "ஏய் உஸ்தின்யா, நான் உனக்கு யாரு?"

இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? தட்டை வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

"நீங்கதான் எங்களுக்கு அப்பா. எம்புள்ளைய அனுப்பாதீங்கப்பா. எனக்கு வேற யாரும் இல்ல."

பண்ணையாருக்குக் கண் கலங்கியேவிட்டது. "சரி சரி, எந்திரி. அவன் போகவேணாம்."

அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பாவி செவெரின் சும்மா இருந்திருக்கலாம்.

"கேட்டது கிடைக்கும்னா என் ஆளும் அப்பாம்பான். தாத்தான்னுகூடக் கூப்பிடுவான். இல்லைன்னு சொல்லிப் பாருங்களேன், பாசம் தெரிஞ்சிரும்."

பண்ணையாருக்குச் சுருக்கென்றது. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"உஸ்தின்யா, பையன் போறான். முடிஞ்சுபோச்சு. இப்பச் சொல்லு, நான் யாரு?"

சோதனைதான் பண்ணுகிறார் என்று நினைத்தாள் பைத்தியக்காரி. சரியாகச் சொல்லிவிட்டால் பிள்ளை பிழைத்தான். குரல் நடுங்காமல், விருந்தாளிக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"அப்பா."

"தோத்துட்டேன் பிளாத்தோன்," என்று செவெரின் கைகொட்டிச் சிரித்தார். "எங்க ஊர்ல ஒருத்தியும் இதைச் சொல்லமாட்டா."

பண்ணையாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப யெவ்சேய்..." என்றாள் அவள்.

"அதான் போறான்னு சொல்லிட்டேனே. விருந்தாளி முன்னாடி பேச்சை மாத்துறவனா உன் அப்பா? இன்னொரு துண்டு வை."

அவள் வைத்தாள்.